வழக்கறிஞர்கள் ஏறிய மேடை: பயில்முறை நாடக சபைகளும் தமிழ் இசை நாடகமும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தமிழகத்தில் நாடகம் என்று வழங்கிய கலை பெரும்பகுதி பாட்டாகவே இருந்தது. வசனம் என்பது ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே நடிகர் தம் திறமைக்கேற்பப் பேசி நிரப்பிக்கொள்ளும் பகுதியாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும் கதையைப் பாடல்களின் வழியாகவே நகர்த்திச் செல்லும் முறையைத் தமிழ்ச் செவிகளுக்குப் பழக்கியிருந்தன. அவற்றை அடுத்து, விருத்தம், தரு, கண்ணி முதலான பாடல் வகைகளைக் கோத்து எழுதப்பட்ட ‘விலாசம்’ என்னும் நாடக வகை அச்சிலும் மேடையிலும் பரவியது. விலாசம் என்ற பெயரோடு அரிச்சந்திரன் கதையும் வந்தது; பொருளை இழந்து சீரழியும் ஒரு செல்வனின் கதையைச் சொன்ன காசி விசுவநாத முதலியாரின் டம்பாச்சாரி விலாசம் போன்ற சமூக நாடகமும் வந்தது.

மேடையின் அமைப்பும் இந்தப் பாட்டு மரபுக்கு ஏற்றதாகவே இருந்தது. அரச வேடம் புனையும் தலைமை நடிகர் ராஜபார்ட் என்றும், பெண் வேடம் புனைபவர் ஸ்திரீபார்ட் என்றும் அழைக்கப்பட்டனர். தெருக்கூத்தின் கட்டியங்காரனின் இடத்தில் சிரிப்பு நடிகரான பபூன் வந்து சேர்ந்தார். நடிகர் பாடும் அடியைப் பின்னிருந்து வாங்கிப் பாடுவதற்குப் பின்பாட்டுக்காரர் இருந்தார். தலைவனும் தலைவியும் பாட்டாலேயே வாதிட்டு ஒருவரையொருவர் மடக்கும் ‘தர்க்கம்’ என்ற பகுதி, அவையோரின் ஆரவாரத்தைப் பொறுத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும். நாடகம் இரவு தொடங்கி விடியற்காலையில் முடிவது இயல்பு. மராட்டிய நாட்டிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த குழுக்கள் இந்த மேடைக்கு வண்ணம் தீட்டிய படுதாக்களையும், காட்சிக்குக் காட்சி மாறும் திரைகளையும், ஹார்மோனியத்தையும், வடநாட்டு மெட்டுகளையும் கொண்டுவந்து சேர்த்தன. தஞ்சாவூரில் கோவிந்தசாமி ராவ் நடத்திய மனமோகன நாடகக் கம்பெனி, மராட்டிய முறையைத் தமிழுக்குக் கொணர்ந்த குழுக்களுள் முன்னணியில் நின்றது.

இந்த மேடையில் நின்றவர்கள் நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்கள். அவர்களுடைய பாட்டைக் கேட்க இரவு முழுதும் விழித்திருந்த ஊர், பகலில் அவர்களைக் கூத்தாடிகள் என்று ஒதுக்கி வைத்தது. ஆங்கிலம் படித்து அரசு அலுவலிலும் வழக்கறிஞர் தொழிலிலும் சேர்ந்த புதிய வகுப்பினருக்கு இந்த ஒதுக்கம் இன்னும் கடுமையாக இருந்தது. கல்லூரியில் ஷேக்ஸ்பியரைப் படித்த இளைஞன், தன் ஊர்க் கொட்டகையில் நடக்கும் நாடகத்தைக் காணப் போவதையே இழுக்காக எண்ணினான். பயில்முறை நாடக சபை, அதாவது ஊதியம் பெறாமல் கலையார்வத்துக்காக மட்டும் நடிப்பவர்கள் கூடி அமைக்கும் அமைப்பு, இந்த இடைவெளியில்தான் தமிழில் தோன்றியது.

அதன் தோற்றத்துக்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஒரு தெலுங்கு நாடகக் குழு. பல்லாரியில் வழக்கறிஞராக இருந்த தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார், சரஸ வினோதினி சபை என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்துத் தாமே நாடகங்களை எழுதி நடித்து வந்தார். தெலுங்கு நாட்டார் அவரை ஆந்திர நாடக பிதாமகர் என்று போற்றுவர். 1891இல் அந்தக் குழு சென்னைக்கு வந்து நடித்தபோது, பார்வையாளருள் ஒருவராக அமர்ந்திருந்த 18 வயது மாணவர் பம்மல் விஜயரங்க சம்பந்தம், மேடையில் நிற்பவர்கள் படித்தவர்கள், பதவியில் உள்ளவர்கள், வழக்கறிஞர்கள் என்பதை அறிந்து வியந்தார். அதுவரை நாடகத்தின்மீது அவருக்கிருந்த இளக்காரம் அத்துடன் அகன்றது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாறிய பகுதியில், அவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் கூடிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். தமிழின் குறிப்பிடத்தக்க கவிதை நாடகமான மனோன்மணீயம் அச்சில் வெளிவந்ததும் அதே 1891இல்தான். ஆனால் சுந்தரம் பிள்ளையின் அந்நூல் படிப்பதற்கென்று எழுதப்பட்டது, சபையினரோ நடிப்பதற்கென்று கூடியவர்கள்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ் மேடையில் வசனத்தை அரியணையில் ஏற்றியவர் என்று சம்பந்த முதலியாரை வரலாற்று நூல்கள் புகழ்கின்றன. அந்தப் புகழ் முற்றிலும் தகுதியானதே. ஆயினும் அவரை நாடகத்துக்கு இழுத்து வந்த கிருஷ்ணமாச்சாரியாரின் நாடகங்கள் கர்நாடக இராகங்களில் அமைந்த பாடல்கள் நிறைந்தவை. அந்த இளைஞரைக் கவர்ந்தது பாட்டில்லாத நாடகம் அன்று. மதிப்புள்ளவர்கள் பாடி நடித்த நாடகம். வசன நாடகத்தின் வரலாறு தமிழில் ஓர் இசை நாடகத்தின் முன்வரிசையிலிருந்தே தொடங்குகிறது என்பதை மறந்துவிட்டால், பின்னால் சபைகளுக்கும் பாட்டுக்கும் இடையே ஏற்பட்ட உறவையும் பூசலையும் சரியாக விளங்கிக்கொள்ள இயலாது.

புதிய சபையின் முதல் நாடகம் மேடையேற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 1893இல் விக்டோரியா பப்ளிக் ஹாலில் சம்பந்தம் எழுதிய புஷ்பவல்லி நடிக்கப்பட்டது. சிஷோம் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய அந்தச் சிவந்த மண்டபம், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே, விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி எழுந்தது. நகரத்தார் கூடிச் சொற்பொழிவு கேட்கவும் கூட்டம் நடத்தவும் ஏற்பட்ட மண்டபத்தில் தமிழ் நாடகம் நடந்தது என்பதே ஒரு சமூக மாற்றத்தின் அடையாளம். தகரக் கொட்டகைக்குப் போகத் தயங்கியவர்கள் இங்கே வந்து நாற்காலியில் அமர்ந்தனர். 1895இல் மேடையேறிய லீலாவதி சுலோசனா, மனோகரா ஆகிய இரண்டும் சபையின் பெயரை நிலைநிறுத்தின. மனோகரனாகச் சம்பந்தமே நடித்தார். சங்கிலியால் பிணிக்கப்பட்ட இளவரசன் அதை அறுத்துக்கொண்டு பாயும் காட்சி, பின்னர் தமிழகத்தின் எல்லா மேடைகளிலும் நடிகனின் ஆற்றலுக்கு உரைகல்லாக மாறியது.

சபையின் நடைமுறை தொழில்முறைக் கம்பெனியின் நடைமுறையினின்று அடிப்படையிலேயே வேறுபட்டது. கம்பெனியில் நடிகர்கள் ஒரே கூரையின்கீழ்த் தங்கி, ஒரே அடுக்களையில் உண்டு, ஊர் ஊராகச் சென்று, வசூலை நம்பி வாழ்ந்தனர். சபையிலோ உறுப்பினர்கள் சந்தா செலுத்தினர்; பகலில் நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் சென்று மாலையில் ஒத்திகைக்குக் கூடினர்; வரவு செலவுக்குக் கணக்கு வைத்து, நிர்வாகிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுத்தனர். சம்பந்தமும் சட்டம் பயின்று வழக்கறிஞராகி, பின்னர் 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். வி. வி. சீனிவாச ஐயங்கார், சர் சி. பி. ராமசாமி ஐயர், காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி, பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதி அமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் முதலியோர் சபையோடு தொடர்புகொண்டிருந்தனர் என்பதை நினைத்தால், கூத்தாடி என்ற வசைச் சொல் எந்த அளவுக்கு வலுவிழந்தது என்பது புலப்படும். தமிழோடு தெலுங்கு, கன்னடம் முதலிய பிற மொழி நாடகங்களையும் சபை நடத்தியது. கிருஷ்ணமாச்சாரியாரின் உறவினரான பல்லாரி ராகவாச்சாரியாரும் சபையின் மேடையில் தோன்றினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அமலாதித்யனாகவும், வெனிஸ் நகர வணிகன் வாணீபுரத்து வாணிகனாகவும் தமிழ் உடை பூண்டு வந்தமை இந்தச் சூழலில்தான்.

ஒத்திகையைச் சம்பந்தம் ஒரு நோன்பாகவே போற்றினார். எழுதிய வசனத்தை எழுதியபடியே மனப்பாடம் செய்ய வேண்டும், மேடையில் அவரவர் விருப்பப்படி சேர்க்கவோ குறைக்கவோ கூடாது என்ற விதி, இன்று படிப்பவருக்கு எளிய ஒழுங்காகத் தோன்றலாம். ஆனால் நடிகன் தன் கற்பனையால் இரவை நீட்டிய மரபுக்கு அது நேர் எதிரானது. நாடகம் குறித்த நேரத்தில் தொடங்கி மூன்று நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டுமென்றால் முதலில் குறைய வேண்டியது பாட்டாகவே இருந்தது. அழுகின்ற தாயும் போருக்குப் புறப்படும் மன்னனும் இடம் பொருள் பாராது இராக ஆலாபனையில் இறங்குவது கதையின் உணர்ச்சியைக் கெடுக்கிறது என்பது சம்பந்தத்தின் உறுதியான கருத்து. ஆயினும் சபையின் நாடகங்களிலிருந்து பாட்டு ஒரே நாளில் மறையவில்லை. பாட்டே இல்லாத நாடகத்தை அக்காலத்து அவையினர் நாடகமாகவே ஏற்க மாட்டார்கள். ஆகையால் தொடக்க கால நாடகங்களில் பாடல்களுக்கு இடம் விடப்பட்டது, பாடும் வன்மை உடையவர்கள் சபையில் தேடிச் சேர்க்கப்பட்டனர். வசனத்தை நம்பிய ஆசிரியரும் பாட்டை எதிர்பார்த்த அவையும் ஆண்டுக்கணக்கில் ஒருவரோடொருவர் நடத்திய பேரத்தின் விளைவாகவே சபை நாடகத்தின் வடிவம் உருவாயிற்று.

பெண் வேடத்தில் சபையின் சீர்திருத்தம் நின்றுபோனது. மனைவியரும் மகளிரும் அவையில் வந்து அமர்வதை வரவேற்ற இந்தக் கனவான்கள், மேடையில் ஒரு பெண் தோன்றுவதை நெடுங்காலம் ஏற்கவில்லை. தலைவியர் வேடங்களை சி. ரங்கவடிவேலு என்ற வழக்கறிஞரே ஏற்று நடித்தார். சம்பந்தத்துக்கு இணையாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் மேடையில் நின்ற அவர் 1923இல் மறைந்தபோது, சம்பந்தம் அடைந்த துயரம் அவருடைய தன்வரலாற்று நூலில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுவை வெற்றியோடு நடத்தி வந்தார் என்பதை இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும். பாடவும் ஆடவும் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற பெண்கள் தமிழகத்தில் இருந்தனர். அவர்களை விலக்கி வைத்தே சபை தன் மதிப்பை ஈட்டிக்கொண்டது. படித்தவர்கள் மேடையேறியதால் நாடகம் உயர்ந்தது என்று பேசுவோர், அந்த உயர்வுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்கள்.

சபைக்காரர்கள் கம்பெனிக்காரர்களை இழிவாகக் கருதினர் என்றும், கம்பெனிக்காரர்கள் சபைக்காரர்களைப் பாடத் தெரியாதவர்கள் என்று எள்ளினர் என்றும் பொதுவாகச் சொல்வதுண்டு. உண்மையில் இரு தரப்பாருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. சம்பந்தத்தின் நாடகங்களைத் தொழில்முறைக் குழுக்கள் பெருமளவில் எடுத்து நடித்தன. சுகுண விலாச சபையில் நடித்துத் தேர்ந்த எம். கந்தசாமி முதலியார் பிற்காலத்தில் பாய்ஸ் கம்பெனிகளுக்கு, அதாவது சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட குழுக்களுக்கு, ஆசிரியராகச் சென்று, சபையில் கற்ற ஒத்திகை ஒழுங்கையும் இயல்பான நடிப்பையும் அங்கே விதைத்தார். டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் அவர் ஆற்றிய பணி தமிழ் நாடக வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது.

மறுபுறத்தில், அதே தலைமுறையைச் சேர்ந்த தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இசை நாடகத்தைக் கைவிடாமலேயே அதை ஒழுங்குபடுத்தினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய கதைகளுக்கு அவர் வரையறுத்த பாடல்களும் வசனமும், ஆளுக்கொரு பாடம் என்றிருந்த நிலையை மாற்றின. பாட்டின் அளவைக் குறைக்காமல் பாட்டின் தரத்தை உயர்த்துவதே அவர் தேர்ந்த வழி. சம்பந்தம் கற்றோர் அவைக்கு எழுதினார், சுவாமிகள் ஊரார் அவைக்கு எழுதினார் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது எளிது. ஆனால் இருவரையும் உறுத்திய குறை ஒன்றே. பாடுபவன் தன் விருப்பத்துக்கு நாடகத்தை இழுத்துச் செல்வதை இருவருமே கட்டுப்படுத்த முனைந்தனர். கல்லூரிப் படிப்பும் நகரத்து மண்டபமும் இல்லாமல் அதைச் செய்து முடித்த சுவாமிகளுக்கு, வரலாற்று நூல்களில் நெடுங்காலம் உரிய பங்கு கிடைக்காமற்போனது வருந்தத்தக்கது.

பயில்முறை சபைகள் எல்லாம் பாட்டைக் குறைத்தே நடந்தன என்று எண்ணுவதற்கில்லை என்பதற்குத் திருச்சிராப்பள்ளி சிறந்த சான்று. தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப். ஜி. நடேச ஐயர் 1914இல் அங்கே ரசிக ரஞ்சன சபையைத் தோற்றுவித்தார். நடிப்பிலும் இசையிலும் ஒருங்கே ஈடுபாடு கொண்ட அவர், பாட்டை விலக்காமல், அரிச்சந்திரா போன்ற பழைய இசை நாடகத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். அரிச்சந்திரன் கதை அந்நாளைய தமிழ் அவைக்கு எத்தகைய பொருள் உடையது என்பதை இங்கே சற்று விரித்துக் கூறுதல் தகும்.

சத்தியம் தவறாத மன்னன் ஒருவன் விசுவாமித்திரரின் சோதனையால் நாட்டை இழந்து, காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்று, தானும் சுடுகாட்டைக் காக்கும் அடிமையாகிறான். தருப்பை பறிக்கச் சென்ற மகன் பாம்பு கடித்து மாய, இரவில் அவன் உடலைத் தாய் தனியே சுமந்துவர, அவளை யாரென்று அறியாத கணவன், முழத்துண்டும் கால் பணமும் வாய்க்கரிசியும் கொடுத்தாலன்றி எரிக்க விடேன் என்று மறிக்கிறான். பிறர் கண்ணுக்குத் தெரியாத அவள் தாலி அவன் கண்ணுக்கு மட்டும் தெரிய, இருவரும் ஒருவரையொருவர் அறிகின்றனர். ‘மயான காண்டம்’ என்று வழங்கும் இந்தப் பகுதியே நாடகத்தின் உயிர்நிலை. வீரகவிராயரின் அரிச்சந்திர புராணம் வழியாகவும், தெருக்கூத்து வழியாகவும் இந்தக் கதை ஊர்தோறும் வேரூன்றியிருந்தது. சுடுகாட்டு வாயிலில் அரிச்சந்திரனுக்கென்று கல் நட்டு, அங்கே பாடையை இறக்கிவைத்துச் சடங்கு செய்யும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உண்டு. ஆகவே மேடையில் சந்திரமதி புலம்பும்போது அவையினர் கேட்டது புராணக் கதையை மட்டுமன்று; தத்தம் வீட்டுச் சாவில் கேட்ட ஒப்பாரியின் சாயலையும் அங்கே கேட்டனர். இந்தக் காட்சியை வசனத்தால் மட்டும் நடத்த முடியாது. புலம்பல் என்பதே பாட்டாக அமைந்த சமூகத்தில், பாடாத சந்திரமதியின் துயரத்தை யார் நம்புவார்? இயற்கையான நடிப்புக்குப் பாட்டு இடையூறு என்ற சபைக் கோட்பாடு இங்கே தன் எல்லையை எட்டிவிடுகிறது.

இந்தக் கதையின் ஈர்ப்பு தமிழ் நாட்டோடு நிற்பதும் அன்று. ராஜ்கோட்டில் சிறுவனாக இருந்தபோது ஒரு நாடகக் கம்பெனி நடித்த அரிச்சந்திரனைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்ததாக மகாத்மா காந்தி தம் சுயசரிதையில் எழுதுகிறார். தாதாசாகேப் பால்கே 1913இல் எடுத்த இந்தியாவின் முதல் முழுநீள மௌனப் படத்தின் கதையும் இதுவே.

ரசிக ரஞ்சன சபையின் அரிச்சந்திராவில் லோகிதாசன் வேடத்துக்குப் பாடத் தெரிந்த சிறுவன் ஒருவன் வேண்டும். சபை உறுப்பினர்களான அலுவலர்களுள் அந்த வேடத்துக்கு யாரும் பொருந்த மாட்டார். திருச்சியில் பஜனைகளில் பாடித் திரிந்த, ஏறத்தாழப் பத்து வயதுடைய பொற்கொல்லர் மரபுச் சிறுவன் ஒருவனின் குரலைக் கேட்ட நடேச ஐயர், அவனை லோகிதாசனாக மேடையேற்றினார். அவரே எம். கே. தியாகராஜ பாகவதர். சிறுவனின் குரல் அவையைக் கட்டிப்போட்டதைக் கண்ட ஐயர், அத்துடன் அமையாமல் அவனுக்கு முறையாகச் சங்கீதம் பயில ஏற்பாடு செய்தார். பாகவதர் பின்னர்த் தொழில்முறை மேடையில் பவளக்கொடி நாடகத்தின் அர்ச்சுனனாகப் புகழ்பெற்று, 1934இல் அதே கதையைக் கொண்ட திரைப்படத்தில் கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் அறிமுகமாகி, 1944இல் வெளிவந்த ஹரிதாஸ் வரை தமிழ்த் திரையின் முடிசூடா மன்னராக விளங்கியமை யாவரும் அறிந்ததே. பிழைப்புக்காக நடிக்காதவர்களின் சபை ஒன்று, பாட்டாலேயே பிழைத்த ஒரு தலைமுறையின் தலைசிறந்த கலைஞரைக் கண்டெடுத்துக் கொடுத்தது. நடேச ஐயரும் பின்னர் 1938இல் எம். எஸ். சுப்புலட்சுமியோடு சேவாசதனம் படத்தில் நடித்தார்.

சபை நாடகம், இசை நாடகம் என்ற இந்த இரு போக்குகளும் கடல் கடந்தும் சென்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுகுண விலாச சபை இலங்கைக்குச் சென்று நடித்தபோது, அதைக் கண்டு ஊக்கம் பெற்றவர்களுள் கலையரசு க. சொர்ணலிங்கம் தலையாயவர். சம்பந்த முதலியாரைத் தம் குருவாகவே மதித்த அவர், 1913இல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபை அமையக் காரணமாக இருந்தார். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அத்தகைய சபை எழுந்தது. அலுவலர்களும் ஆசிரியர்களும் நடித்த அந்த நாடகங்கள் சென்னைச் சபையின் நெறியைப் பின்பற்றின. ஆனால் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் மக்கள் விடிய விடியக் கேட்டது அண்ணாவிமார் என்னும் நாடக ஆசான்கள் பழக்கிய இசை நாடகத்தையே. தமிழகத்திலிருந்து வந்த நடிகர்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்த அந்த மரபில் தோன்றிய காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989), தம் வசந்த கான சபாவின் வழியாக மயான காண்டத்தைக் கணக்கற்ற முறை மேடையேற்றினார். அரிச்சந்திரனாக அவர் தோன்றி நின்றால் போதும், கதையை ஒருவரும் கேட்கத் தேவையில்லை. அடுத்து வரும் பாட்டு எது என்பதை அவையே அறியும். படித்தவர்களின் சபை மரபு ஈழத்து நாடகத்துக்குப் புதிய பார்வையைக் கொடுத்தது உண்மை; எனினும் அங்கே மக்களின் நினைவில் பாட்டாக நிலைத்தவர் வைரமுத்துவே.

பேசும் படம் வந்தபின் சபைகளின் பணி மாறிப்போனது. முதல் பத்து ஆண்டுப் பேசும் படங்கள் பெரும்பாலும் இசை நாடகங்களின் படப்பிடிப்பாகவே அமைந்ததால், பாட்டைக் கேட்க விரும்பிய கூட்டம் கொட்டகையை விட்டுத் திரையரங்குக்கு நகர்ந்தது. சம்பந்தத்தின் காலவ ரிஷி, மனோகரா, சபாபதி முதலிய நாடகங்களும் படமாயின. 1954இல் கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் நடித்த மனோகரா, 1895ஆம் ஆண்டின் சங்கிலிக் காட்சியைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றது. சுகுண விலாச சபை விக்டோரியா பப்ளிக் ஹாலை விட்டு மவுண்ட் ரோட்டில் தனக்கென இடம் கொண்டு, நாளடைவில் உறுப்பினர் கூடிப் பொழுதுபோக்கும் மன்றமாகவே நிலைபெற்றது. 1959இல் பத்மபூஷண் விருது பெற்ற சம்பந்தம், கண் பார்வை குன்றிய முதுமையிலும் நூல்களை உருவாக்கிக்கொண்டிருந்து, 1964இல் தம் 91ஆம் வயதில் மறைந்தார். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ உடன் நடித்தவர்களின் பெயர்களையும் அவர்களுடைய திறமைகளையும் குறைகளையும் விருப்பு வெறுப்பின்றிப் பதிவு செய்திருக்கிறது. அந்நூல் இல்லையெனில் பயில்முறை மேடையின் முதல் ஐம்பது ஆண்டுகள் ஏறத்தாழ இருளில் கிடந்திருக்கும்.

1950களுக்குப் பின் சென்னையின் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் செழித்த சபா நாடகங்கள் சம்பந்தத்தின் நேர் வாரிசுகள். பகலில் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பணியாற்றி, மாலையில் ஒத்திகை பார்த்து, இரண்டு மணி நேரத்தில் முடியும் நாடகத்தை நடத்திய அந்தக் குழுக்களில் பாட்டு அநேகமாக மறைந்தேபோயிற்று. வசனத்தின் வெற்றி அங்கே முழுமை அடைந்தது. கூடவே, துயரத்தையும் பக்தியையும் மேடையில் பாடிக் காட்டும் ஆற்றல் படித்தவர்களின் நாடகத்திலிருந்து அறவே நீங்கியது. இழப்பு எது, ஆதாயம் எது என்று கணக்கிடும்போது, சபா நாடகம் நகைச்சுவையில் பெற்ற வெற்றியை மயான காண்டத்தைப் போன்ற ஒரு காட்சியில் பெறவே இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பாட்டு தங்கிய இடம் வேறு. 1923இல் தொடங்கப்பட்ட மதுரை நடிகர் சங்கத்தைப் போன்ற அமைப்புகளை மையமாகக் கொண்டு, ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறை மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் இன்றும் நடக்கிறது. இம்முறையில் நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஹார்மோனியக்காரர், மிருதங்கக்காரர் ஆகியோரைக் கோயில் திருவிழாவுக்காக ஊரார் தனித்தனியே பேசி அமர்த்துகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் அவர்கள் அன்றிரவு மேடையருகேதான் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். ஒத்திகை என்பதே இல்லை. சுவாமிகளின் பாடல்களும் அவற்றின் வரிசையும் அனைவருக்கும் பொதுவான பாடமாக இருப்பதால், ஹார்மோனியக்காரர் சுருதியைப் பிடித்ததும் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ விடியும்வரை தடையின்றி நடந்தேறுகிறது. பாடலுக்கும் தர்க்கத்துக்கும் நடுவே அவர்கள் பேசும் வசனம், 1891க்கு முன்பிருந்ததைப் போலவே, அவரவர் சொந்த வசனமாகவே இருக்கிறது.